கேள்வி பதில்: ஏழு பீஸுக்குக் கூலி எங்கே போச்சு?

சி என்ற கணினி மொழியைப் பழகுகிறவர்கள் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று எழுதி அனுப்பச் சொல்லி, போன இதழில் இரண்டு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி ஒரே சங்கதி என்பதால் சேர்த்து வைத்துப் பதில் சொல்கிறேன். முன்னாலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இங்கே சி வரிகளையும் தமிழ் எழுத்தில்தான் அச்சிட்டிருக்கிறோம், நீங்கள் கணினியில் அடிக்கும்போது ஆங்கிலத்தில், அதுவும் சின்ன எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்தில் இன்ட் என்று அடித்தால் அது யாரென்றே சி-க்குத் தெரியாது.

கேள்வி: வணக்கமுங்க. பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், பயாலஜி குரூப். இப்ப இன்ஜினியரிங் முதல் வருஷம். வீட்ல கம்ப்யூட்டர் இல்லீங்க, காலேஜ் லேப்ல வாரம் மூணு மணி நேரம் கிடைக்கும், அதுல நீலக் கலர் ஸ்கிரீன்ல டர்போ சி. ஹாஸ்டல்ல இருக்கறவங்க கோட்பிளாக்ஸ்ங்கற வேற சாஃப்ட்வேர்ல பண்றாங்க. லேப்ல எழுதுனதையே அதுல அடிச்சா எர்ரரா கொட்டுது. நான் எதுல பழகறதுங்க?
(மாணவி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: அம்மணி, நானும் அந்த நீல ஸ்கிரீனில் பழகியவன்தான், அதனால் அதைத் திட்டக் கொஞ்சம் மனசு வரவில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். டர்போ சி 1987-ல் போர்லேண்டு கம்பெனி டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக் கணினிகளுக்காகக் கொண்டுவந்த சரக்கு. இன்றைக்கு இருக்கும் 64 பிட் விண்டோஸில் அது நேராக ஓடாது, டாஸ்பாக்ஸ் என்று ஒரு பழைய காலத்து வேஷத்தைப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும், உன் லேப்பிலும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

எர்ரர் வருவதற்குக் காரணம் நீ தப்பாக எழுதியது அல்ல. கோனியோ என்று மேலே சேர்க்கச் சொல்கிறார்களே, அப்புறம் திரையைத் துடைக்க ஒரு வரி, கடைசியில் கெட்-சிஎச் என்று ஒரு வரி, இதெல்லாம் சி மொழியே கிடையாது. டர்போவின் வீட்டுச் சாமான். வீடு மாறினால் அது கூட வராது. புரோகிராம் ஆரம்பிக்கிற இடத்தில் எழுதும் வாய்ட் மெயின் என்பதும் அப்படித்தான், மொழியின் விதிப்படி எழுத வேண்டியது இன்ட் மெயின். இந்த நாலையும் எடுத்துவிட்டு அடித்துப் பார், முக்கால்வாசி லேப் புரோகிராம்கள் எந்தக் கம்பைலரிலும் (நாம் எழுதியதைக் கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்) ஓடும். லேப் தேர்வு அன்றைக்கு மட்டும் சார் கேட்கிற மாதிரி எழுதிக் கொடுத்து மார்க்கை வாங்கிக்கொள், அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

கம்ப்யூட்டர் இல்லை என்றால் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறதா? டெர்மக்ஸ் என்ற செயலியில் கிளாங் என்ற கம்பைலரை இறக்கினால் இன்டர்நெட் இல்லாமலே சி ஓடும். விரலால் அடிப்பது எரிச்சல்தான். எரிச்சலில் ஒரு லாபம் இருக்கிறது, தேவையில்லாமல் ஒரு எழுத்துகூட அடிக்க மாட்டாய்.

தமிழ் மீடியம் என்று பயந்து எழுதியிருக்கிறாய். 1989-ல் தரப்படுத்திய சி-யில் மொழிக்கென்று ஒதுக்கிய சொற்கள் மொத்தம் 32. முப்பத்திரண்டே முப்பத்திரண்டு. பயாலஜியில் நீ மனப்பாடம் செய்த தாவரப் பெயர்களை எண்ணிப் பார்த்துவிட்டு எது கஷ்டம் என்று சொல். ஆங்கிலம் உண்மையில் தேவைப்படும் இடம் எர்ரர் செய்தியைப் படிப்பதில்தான், அதுவும் ஒரு இருபது வாக்கியத்துக்கு மேல் போகாது, ஒரு நோட்டில் எழுதி எதிரே தமிழில் அர்த்தம் எழுதிக்கொண்டே வா. பதினைந்து எர்ரர் வந்தால் முதல் எர்ரரை மட்டும் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டு, மீதி பெரும்பாலும் அதன் வால்தான். இன்னொன்று: சில கம்பைலர்கள் ஒன்பதாவது வரியில் தப்பு என்று காட்டும், அரைப்புள்ளி விட்டுப்போனது எட்டாவது வரியாக இருக்கும்.

கேள்வி: பனியன் கம்பெனியில கணக்கு எழுதறனுங்க. சாயங்காலம் சி படிக்கறேன். சனிக்கிழமை கூலி போட நானே ஒரு புரோகிராம் எழுதுனேன். ஓவர்லாக் டெய்லர் ஒருத்தர் 127 பீஸ் அடிச்சிருக்கார், டஜன் ரேட் 22 ரூபாய். கையில போட்டா 232 ரூபாய் 83 பைசா. புரோகிராம் 220 காட்டுது. தெரிஞ்சவர் ஒருத்தர் எல்லாத்தையும் பைசாவா மாத்தி, முதல்ல பெருக்கிட்டு அப்புறம் வகுங்கன்னு சொன்னார். அப்படிச் செஞ்சா 14 ரூபாய் 38 பைசான்னு வருதுங்க! இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா டெய்லர் கத்திரியோட வருவார்.
(வாசகர், திருப்பூர்)

பதில்: இந்த மாதம் வந்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கடிதம் இதுதான், ஏனென்றால் இரண்டு தப்பும் சேர்ந்தே வந்திருக்கிறது, அதுவும் உங்கள் நண்பர் சொன்னது சரியான யோசனையாக இருந்தும்.

முதலில் 220. நீங்கள் எழுதியது கூலி = பீஸ் / 12 * 22 என்றுதானே? சி இடமிருந்து வலமாகப் போகிறது. 127-ஐ 12-ஆல் வகுக்கிறது. இரண்டு பக்கமும் இன்ட், அதாவது முழு எண். இரண்டு முழு எண்களை வகுத்தால் சி-க்கு விடையும் முழு எண்தான், மீதியைக் கீழே போட்டுவிடும். 10 டஜன். மீதி 7 பீஸ் தரையில். பத்தை 22-ஆல் பெருக்கினால் 220. அந்த ஏழு பீஸுக்கு வரவேண்டிய 12 ரூபாய் 83 பைசாதான் உங்களுக்குக் குறைகிறது. மீதியை சி தொலைத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது, நீங்கள் கேட்கவில்லை, அது சொல்லவில்லை. 127 % 12 என்று கேட்டிருந்தால் 7 என்று சொல்லியிருக்கும்.

சரி, நண்பர் சொன்னபடி 22 ரூபாயை 2200 பைசாவாக்கி, 127-ஐ அதால் பெருக்கினால் 279400. அதை 12-ஆல் வகுத்தால் 23283 பைசா, அதாவது 232 ரூபாய் 83 பைசா. காகிதத்தில் சரியாக வருகிறது. உங்களுக்கு 14.38 வந்தது என்று படித்ததுமே நீங்கள் எதில் ஓட்டுகிறீர்கள் என்று தெரிந்துவிட்டது: டர்போ சி. அதில் ஒரு இன்ட்டுக்கு மெமரியில் இரண்டு பைட் இடம்தான். கீழே -32768, மேலே 32767, அவ்வளவுதான் கொள்ளும்.

பழைய டிவிஎஸ் 50 வண்டியின் கிலோமீட்டர் எண் 99999-ஐத் தாண்டினால் சைபருக்கு வந்துவிடும் இல்லையா, அதே கதை. இங்கே சுற்று 65536. உங்கள் 279400-க்குள் 65536 நான்கு முறை போகிறது, 262144. கழித்தால் மீதி 17256. அதை 12-ஆல் வகுங்கள், 1438. பதினாலு ரூபாய் முப்பத்தெட்டு பைசா. கால்குலேட்டரை எடுத்து ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள், பேய் வேலை இல்லை என்று நிம்மதியாகிவிடும்.

இப்படிச் சுற்றும் என்று மொழி உத்தரவாதம் எதுவும் கொடுக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கழித்தல் குறியும் ஏற்கும் இந்த இன்ட் நிரம்பி வழிந்தால் என்ன ஆகும் என்று விதி எழுதியவர்கள் எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள், வழக்கமாகச் சுற்றும், அவ்வளவுதான். வழிந்துவிட்டது என்று ஒரு எச்சரிக்கையும் ஓடும்போது வராது.

டர்போவிலேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் பீஸ், ரேட், கூலி மூன்றையும் லாங் என்று அறிவியுங்கள். கூலியை மட்டும் லாங் ஆக்கிவிட்டுப் பயனில்லை, ஏனென்றால் பெருக்கல் நடப்பது இன்ட்டுக்கும் இன்ட்டுக்கும் இடையில், வழிந்த பிறகு பெரிய பாத்திரத்தில் பிடித்து என்ன செய்வது? ஜிசிசி போன்ற இன்றைய கம்பைலரில் இன்ட்டே நான்கு பைட், 2147483647 வரை தாங்கும், அதாவது 214 கோடிக்கு மேல். உங்கள் கம்பெனி வாரக் கூலி பைசாவில் அதற்குள் அடங்கும் என்று நம்புகிறேன், அடங்காவிட்டால் நீங்கள் இந்தக் கணக்கெல்லாம் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஃப்ளோட் போட்டால் தசமம் வந்துவிடுமே என்று சிலர் சொல்வார்கள். வரும். ஆனால் 10 பைசா, அதாவது 0.1 என்பதை கணினியின் இரும எண் முறையில் (0, 1 மட்டும் வைத்து எழுதுவது) முடிவாக எழுதவே முடியாது, ஏறக்குறையத்தான் வைத்துக்கொள்ளும். நூறு டெய்லர் கூலியைக் கூட்டும்போது ஒரு பைசா இடிக்கும், அந்த ஒரு பைசாவைத் தேடி ராத்திரி பத்து மணி வரை உட்கார வேண்டியிருக்கும். காசுக்கு எப்போதும் பைசா, முழு எண். அச்சிடும்போது மட்டும் 100-ஆல் வகுத்து ரூபாயையும், % 100 போட்டுப் பைசாவையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

கேள்வி: ஸ்கேன்எஃப்-க்கு மட்டும் எதுக்குங்க அந்த & குறி? பிரிண்ட்எஃப்-க்கு வேண்டாமே. பேர் வாங்கும்போது மட்டும் ஸ்கேன்எஃப்-க்கும் வேண்டாங்கறாங்க. ஏன்னு கேட்டா "அது அப்படித்தான், எழுதிக்கோ"ன்னு பதில் வருது.
(மாணவர், பொள்ளாச்சி. இதே கேள்வி அவிநாசி, காங்கேயத்தில் இருந்தும்.)

பதில்: "அப்படித்தான், எழுதிக்கோ" என்ற பதிலால் சி-யை விட்டு ஓடியவர்கள் நிறையப் பேர். இதில் கொஞ்சம் நேரம் செலவழிப்போம், இது புரிந்தால் மெமரி முகவரியை வைத்துக்கொள்ளும் பாயின்டர் பாதி புரிந்த மாதிரி.

திருப்பூர், கோவைப் பக்கம் லைன் வீடு பார்த்திருப்பீர்கள். ஒரே கூரை, ஒட்டி ஒட்டிப் பத்து வீடு, கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணிக் குழாய். கணினியின் மெமரியும் ஒரு நீளமான லைன் வீடு, ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கதவு எண். இன்ட் வயது, என்று நீங்கள் எழுதினால், (டர்போவில் இரண்டு, இன்றைய கம்பைலரில்) நான்கு கதவுகளைச் சேர்த்து வளைத்துப்போட்டு "வயது" என்று பலகை மாட்டிக் கொடுக்கிறது கம்பைலர்.

பிரிண்ட்எஃப்-இன் வேலை உள்ளே இருப்பதை வெளியே சொல்வது. வயது என்று எழுதினால் உள்ளே இருக்கும் 19-ஐ ஒரு நகல் எடுத்து அதன் கையில் கொடுத்துவிடுகிறது, அதற்கு அது போதும். ஸ்கேன்எஃப்-இன் வேலை தலைகீழ், வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுபோய் உள்ளே வைக்க வேண்டும். கூரியர்காரர் போன் பண்ணி "வீடு எங்கீங்க?" என்று கேட்கும்போது, "எங்கள் வீட்டில் ஒரு பீரோவும் இரண்டு கட்டிலும் இருக்கிறது" என்றா சொல்வீர்கள்? கதவு எண்தான் சொல்ல வேண்டும். &வயது என்றால் "வயது இருக்கிற கதவு எண்".

& போடாமல் விட்டால் என்ன ஆகும்? உள்ளே ஏற்கெனவே கிடக்கும் ஏதோ ஒரு குப்பை எண்ணையே கதவு எண் என்று நம்பி அங்கே போய் வைக்கப் பார்க்கும். உங்களுக்கு உரிமையில்லாத இடமாக இருந்தால் இயங்குதளம் புரோகிராமையே நிறுத்திவிடும், செக்மென்டேஷன் ஃபால்ட் என்று வருவது அதுதான். அது நல்லது. நிறுத்தாமல் யாரோ வீட்டில் வைத்துவிட்டு வந்தால்தான் ஆபத்து, புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும், எங்கோ ஒரு எண் மாறியிருக்கும். ஜிசிசியில் ஓட்டும்போது -டபிள்யூஆல் என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள் (டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து), இந்தத் தப்பைக் கம்பைல் செய்யும்போதே காட்டிக் கொடுத்துவிடும்.

இப்போது பேர் விஷயம். கேர் பேர்[20], என்றால் வரிசையாக இருபது கதவு. இப்படி வரிசையாக வாங்கும்போது "பேர்" என்று சும்மா எழுதினாலே அது முதல் கதவின் எண்ணாக மாறிவிடுகிறது. ஏற்கெனவே கதவு எண் கையில் இருக்கிறது, எதற்கு இன்னொரு &? அவ்வளவுதான் ரகசியம். பேர்[3] என்றால் முதல் கதவில் இருந்து மூன்று கதவு தள்ளிப் போ என்று அர்த்தம். பேர்[0] என்றால் எங்கும் தள்ளிப் போகாதே, முதல் கதவையே தட்டு. சைபரில் இருந்து ஏன் எண்ணுகிறார்கள் என்று கேட்ட அவிநாசிக்காரருக்கும் இதுவே பதில்: அது எத்தனையாவது வீடு என்ற எண் இல்லை, எத்தனை வீடு தாண்ட வேண்டும் என்ற எண்.

காங்கேயத்துத் தம்பி, இரண்டு எண்களை இடம் மாற்ற நீ எழுதிய ஸ்வாப் ஃபங்ஷன் அவற்றை மாற்றாததற்கும் இதுதான் காரணம். நீ அனுப்பியது நகல்கள், அது நகல்களை மாற்றி வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விட்டது. கதவு எண்களை அனுப்பு, வாங்குகிற பக்கம் * போட்டுக் கதவைத் திற, மாறும்.

இருபது கதவு வாங்கியவர் இருபத்தைந்து எழுத்துப் பேரை வைத்தால்? சி தடுக்காது. இருபதைத் தாண்டிப் பக்கத்து வீட்டிலும் எழுதிக்கொண்டே போகும். (சொல் முடிந்தது என்று காட்டும் பூஜ்ய எழுத்துக்கு ஒரு கதவு போக, உங்களுக்குக் கிடைப்பது 19தான்.) அடிக்கிற வரியை வாங்க லேப் நோட்டுகளில் இன்னும் உலவும் கெட்ஸ் என்ற ஃபங்ஷனுக்கு எத்தனை கதவு இருக்கிறது என்று சொல்லவே வழி கிடையாது, வந்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டே போகும். 1988 நவம்பரில் ராபர்ட் மோரிஸ் என்ற அமெரிக்க மாணவர் விட்ட புழு நிரல் இன்டர்நெட்டில் இருந்த ஆயிரக்கணக்கான கணினிகளைப் படுக்க வைத்தது, அது நுழைந்த வழிகளில் ஒன்று 512 பைட் இடத்தில் கெட்ஸ் போட்டு வாங்கிய ஒரு சேவை. 2011-ல் வந்த சி தரத்தில் கெட்ஸை அடியோடு நீக்கிவிட்டார்கள். எஃப்கெட்ஸ் பழகுங்கள், அது எத்தனை கதவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளும்.

கேள்வி: ஒன்றில் இருந்து பத்து வரை அச்சிட ஃபார் லூப் எழுதினேன். 11 என்று ஒரே ஒரு எண் வருகிறது. மூன்று நாளாகப் பார்க்கிறேன்.
(வாசகர், சங்ககிரி)

பதில்: ஃபார் வரியின் கடைசியில், அடைப்புக்குறி முடிந்த இடத்தில் ஒரு அரைப்புள்ளி இருக்கும், பாருங்கள். இருக்கிறதா? லூப் பத்து முறை சும்மா சுற்றிவிட்டு வெளியே வந்து, 11 ஆன பிறகு ஒரே ஒரு முறை அச்சிடுகிறது. இஃப் வரிக்கும் இதே நோய் வரும். இஃப் உள்ளே == என்பதற்குப் பதில் ஒற்றை = போட்டால் அது ஒப்பிடாது, மதிப்பைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, அது சைபராக இல்லாதவரை "ஆமாம், உண்மைதான்" என்று போய்க்கொண்டே இருக்கும். மூன்று நாள் உட்கார்ந்ததற்கு வருத்தப்பட வேண்டாம், நான் ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

கேள்வி: பால் கணக்கு புரோகிராம். லிட்டர் எத்தனைன்னு வாங்கறேன், அப்புறம் "இன்னொருத்தர் இருக்காங்களா, ஒய்/என்"னு ஒரு எழுத்து வாங்கணும். அந்த இடத்துல நிக்காமத் தாண்டிப் போயிடுது. கீபோர்டு கெட்டுப்போச்சான்னு வேற மாத்திட்டேன்.
(வாசகி, தாராபுரம்)

பதில்: கீபோர்டு பாவம். நீங்கள் 7 அடித்துவிட்டு என்டர் தட்டுகிறீர்கள். எண் வாங்கும் ஸ்கேன்எஃப் 7-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு என்டரை வாசலிலேயே விட்டுவிடுகிறது. அடுத்து ஒரு எழுத்து வேண்டும் என்று வருகிற ஸ்கேன்எஃப் பார்க்கிறது, வாசலில் ஒரு எழுத்து நிற்கிறது, அதுவும் எழுத்துதான், எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மேற்கோள் குறிக்குள் %சி-க்கு முன்னால் ஒரு இடைவெளி விடுங்கள். ஒரே ஒரு ஸ்பேஸ். வாசலில் கிடக்கும் என்டர், இடைவெளி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு உண்மையான எழுத்துக்காகக் காத்திருக்கும்.

லிட்டருக்கு இன்ட் போட்டிருக்கிறீர்கள் போல. ஏழரை லிட்டர் ஊற்றுபவர் வந்தால் ".5" வாசலில் நிற்கும், அதில் இருக்கும் புள்ளி உங்கள் ஒய்/என் கேள்விக்குப் பதிலாகப் போய்விடும். மில்லிலிட்டரில் வாங்குவதுதான் நல்லது.

கேள்வி: பையன் பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ். முப்பதே நாளில் சி என்று ஒரு சென்டரில் பணம் கட்டச் சொல்கிறான். எங்கள் வீட்டுக்காரரின் தம்பி, அவர் பெங்களூரில் வேலையில் இருக்கிறார், சி எல்லாம் பழசு அண்ணி, பைதான் படிக்கச் சொல்லுங்கள் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
(ஒரு தாய், ராசிபுரம்)

பதில்: கொழுந்தனார் சொல்வதில் பாதி உண்மை, அம்மா. பழசுதான். அமெரிக்காவில் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி 1972 வாக்கில் உருவாக்கியது; அதற்கு முன்னால் கென் தாம்சன் செய்து வைத்திருந்த மொழிக்குப் பி என்று பெயர், அதனால் இது சி. 1973-ல் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தையே இதில் திருப்பி எழுதினார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அவர் படிக்கச் சொல்கிற பைதான் இருக்கிறதே, எல்லாரும் இறக்கிப் பயன்படுத்தும் அதன் முக்கிய வடிவம் எழுதப்பட்டிருப்பது சி-யில். உங்கள் பையன் கையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் இருக்கும் லினக்ஸ் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பெரும்பாலும் சி.

அவ்வளவு தூரம் போவானேன், தோட்டத்தில் மோட்டார் ரூமைத் திறந்து பாருங்கள். செல்போனில் கூப்பிட்டால் மோட்டார் ஓடுகிற ஸ்டார்ட்டர் இப்போது நிறைய இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். மூன்று ஃபேஸும் வந்திருக்கிறதா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துப் போடும், நிறுத்தும். உள்ளே விரல் நகம் அளவில் ஒரு சிப், சில கிலோபைட் மெமரி. அதற்குள் பைதானை வைக்க இடம் பத்தாது, அப்படிப்பட்ட சிப்புகளுக்குப் பெரும்பாலும் சி-யில்தான் எழுதுகிறார்கள். மோட்டாரும் பம்பும் செய்கிற ஊரை இத்தனை பக்கத்தில் வைத்துக்கொண்டு சி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்கள் பையனுக்கு இந்த வருஷம் பாடப் புத்தகத்தில் சி++, அடுத்த வருஷம் பைதான். அதை ஒழுங்காகப் படிக்கட்டும். சி++-க்குள் சி-யின் அடிப்படை முக்கால்வாசி இருக்கிறது. முப்பது நாள் சென்டர்களைப் பற்றி என்ன சொல்ல. நானே ஒரு காலத்தில் அப்படி ஒரு சென்டரில் பாடம் எடுத்தவன், முப்பது நாளில் முடித்துவிட வேண்டும் என்று பாயின்டரைக் கடைசி இரண்டு நாளில் ஓட்டச் சொல்வார்கள், முக்கால் மணி நேரத்தில் நான் ஓட்டியும் இருக்கிறேன், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் பையனை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள்: உங்கள் வீட்டு மளிகை நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்து, அதைக் கூட்டுகிற மாதிரி ஒரு புரோகிராம், யாரையும் கேட்காமல், எழுதிக் காட்டட்டும். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். எழுதிவிட்டான் என்றால் சென்டர் தேவையில்லை. எழுதவில்லை, ஆனால் விடாமல் உட்கார்ந்திருந்தான் என்றால் கட்டுங்கள்.

கேள்வி: i = 5, அப்புறம் i++ + ++i, விடை என்ன? இன்டர்னல் தேர்வில் வந்தது. சார் ஒரு விடை சொல்கிறார், கைடில் ஒன்று, என் லேப்டாப்பில் ஒன்று.
(மாணவர், கரூர்)

பதில்: மூன்று இடத்தில் மூன்று விடை வந்தால், கேள்விக்கு விடை இல்லை என்று அர்த்தம். ஒரே வரியில் ஒரே மாறியை இடையில் நிறுத்தம் இல்லாமல் இரண்டு முறை மாற்றினால் என்ன ஆகும் என்று சி மொழி வரையறுக்கவே இல்லை, கம்பைலர் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம். தேர்வுத்தாளில் சார் விடையை எழுதி மார்க் வாங்கிக்கொள்ளுங்கள். வேலைக்கு எழுதும் புரோகிராமில் இப்படி ஒரு வரி எழுதினால் உங்களுக்கு அடுத்து வந்து அதைப் படிக்கிறவர் உங்கள் ஏழு தலைமுறையையும் வாழ்த்துவார்.

கேள்வி: ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணும் புரோகிராம் எழுதினேன். ஆங்கிலத்துக்குச் சரியாக வருகிறது. "கொங்கு" என்று கொடுத்தால் 18 என்கிறது. மூன்று எழுத்துதானே?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பவானி)

பதில்: ஐயா, வணக்கம். உங்கள் கணக்குச் சரி, அதன் கணக்கும் சரி. நீங்கள் எழுத்தை எண்ணுகிறீர்கள், நீளம் சொல்லும் ஸ்ட்ர்லென் ஃபங்ஷன் கதவை எண்ணுகிறது, அதாவது பைட்டை. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் கொ என்பது க, அதன்மேல் ஒகரக் குறி என்று இரண்டு துண்டு. ங், புள்ளி சேர்ந்து இரண்டு. கு, உகரக் குறி சேர்ந்து இரண்டு. மொத்தம் ஆறு துண்டு. அந்த எண்களைப் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பைட். ஆறு மூன்று பதினெட்டு.

ஆகவே 3-ஆல் வகுத்தால் துண்டுகளின் எண்ணிக்கை கிடைக்கும், அதிலும் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எண்ணாமல் தாண்டினால் உங்கள் மூன்று வந்துவிடும். இலக்கணம் சொல்லிக் கொடுத்த உங்களுக்கு எதைத் தாண்ட வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் அனுப்பிய தாளில் ஊர்ப் பெயருக்குக் கேர் ஊர்[10] என்று போட்டிருக்கிறீர்கள், பவானியே அதில் அடங்காது, முடிவு எழுத்தோடு 16 வேண்டும். முதல் கடிதம் எழுதிய அம்மணியின் கோபிசெட்டிபாளையத்துக்கு 52. நூறாக வைத்துவிடுங்கள் ஐயா.